ஏழாம் வளைவு

கொன்னைப்பதிக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால்
சாலை இடப்பக்கம் திரும்புகிறது.
பாறை இல்லை.
ஓடை இல்லை.
வெட்டாதே என்று யாரும் மறித்த பனைகூட இல்லை.

முக்காலி விரித்துக் கருவியை ஏற்றினேன்.
அருளப்பன் பிரிசக் கம்போடு
வெயிலுக்குள் நடந்து போனான்.

சாலை வளைந்தால் நிலத்தில் ஏதோ இருக்கிறது
என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள்.
சதுப்பு, சரிவு,
நகர மறுக்கும் ஒரு கிணறு.
இங்கே இருப்பதோ உழுத கடலைக்காடு,
தோசைக்கல் போல மட்டம்.
அதற்கு அப்பால் கோயிலின் ஓட்டுக்கூரை
தனியாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

சித்தூர் தாலுகா ஆபீஸில்
பழைய கட்டு ஒன்றை அவிழ்த்தேன்.
மலையாள எழுத்து, செல்லரித்த ஓரம்,
ஒரே வரியில் விடை:
தீண்டாப்பாடு கருதி வழி மாற்றியது.

யாருக்கு எத்தனை அடி என்று
அடுத்த பக்கத்தில் கணக்கிருந்தது.
முப்பத்தாறு. அறுபத்துநாலு.
ஒரு கூட்டத்துக்கு எண்ணே இல்லை,
கண்ணில் படாத தூரம் என்று மட்டும்.

அன்றைக்கு அளக்கச் சங்கிலி எதற்கு?
முன்னால் வருகிறவன் போட்ட கூச்சல்
எட்டுகிற வரை ஒரு கோடு.
அந்தக் கோட்டுக்கு வெளியே
ஒதுங்கிய கால்கள் தேய்த்த இன்னொரு கோடு.
இரண்டாவதில்தான்
இன்று டிப்பர் லாரி போகிறது.

உலகத்தில் பாதிச் சாலைகள்
கும்பிடப் போனவர்கள் போட்டவை.
பாலைவனத்தில் ஒட்டகம் படுத்த இடம் சந்தையானது.
எங்கோ ஒரு புனிதனின் எலும்பைப் பார்க்க நடந்த கூட்டம்
பாலம் கட்டியது, சத்திரம் கட்டியது,
காசு மாற்றும் கடையும் வைத்தது.
கும்பிட வராதே என்றதாலும்
சாலை உண்டாகியிருக்கிறது.
வரைபடத்தில் அதற்குத் தனி நிறம் இல்லை.

இப்போது நேராக்கச் சொல்லி உத்தரவு.
இருநூற்றுப் பத்து மீட்டர் மிச்சம்.
கோயில் கமிட்டி மனு கொடுத்திருக்கிறது:
சன்னிதி வழியே சாலை வரட்டும், எல்லாரும் வரட்டும்.
'எல்லாரும்' என்பதற்கு அடியில்
சிவப்பு மையில் கோடு.

எதிர் மனு வளைவிலிருந்து வந்தது.
வளைவில் லூர்து மாதா குருசடி இருக்கிறது,
குருசடிக்குப் பின்னால் பிறந்து
அதைவிடப் பெரிதாகிவிட்ட பள்ளிக்கூடம்,
யார் வாளியையும் திருப்பி அனுப்பாத
மீரான் ராவுத்தர் கிணறு,
கள்ளுக்கடை,
கோவை பஸ் நிற்கும் புளியமரம்,
செவ்வாய்ச் சந்தை.

பொங்கியாத்தாளின் பஞ்சர் கடையும் அங்கேதான்.
ட்யூபைத் தண்ணியில் முக்கி
குமிழி தேடியபடியே சொன்னாள்:
"கிட்ட வராதேன்னு சாமி பேரச் சொல்லிச்
சுத்த உட்டாங்க.
சுத்துன காலெல்லாஞ் சேந்து ஊராச்சு.
இப்ப வா வான்னு கூப்புட்டு
ஊரையே கூட்டிட்டுப் போறாங்க.
அதையும் எழுதிக்க அம்மிணி."
ஓட்டை கிடைத்தது.
சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

என் பாட்டன் எந்த வழியில் நடந்தான் என்று
அவள் கேட்கவில்லை.
என் பெயரின் பின்பாதி அதைச் சொல்லிவிடும்.
கழுத்து அட்டையை
எழுத்துப் பக்கம் உள்ளே போகத் திருப்பிவிட்டேன்.

படிவத்தில் ஒரு கட்டம்:
வளைவுக்கான காரணம்.
நிலவாகு, நீர்நிலை, குடியிருப்பு, பிற.
'பிற' என்று தொட்டேன்.
விவரத்துக்கு ஐம்பது எழுத்துக்கு மேல் இடமில்லை.

காட்டுக்கு அந்தப் பக்கம் நின்று
அருளப்பன் கூவினான்,
"ரீடிங் கிடைச்சுதா?"
குரல் தடையில்லாமல் வந்து சேர்ந்தது.
திரையைப் பார்த்தேன்.
நூற்றுப் பதினெட்டு மீட்டர்.

வெகுநேரம் கழித்து வந்தான்,
வளைவைச் சுற்றி.
குறுக்கே வந்திருக்கலாமே என்றேன்.
பழக்கம் என்றான்,
செருப்பைக் கழற்றி
முள்ளைப் பிடுங்கியபடி.